மூன்றாம் மாடியும் ஒரு பத்திரமும்

எங்கள் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். ஏன் என்று கேட்டால், "லிஃப்டைப் பத்தித் தெரிஞ்சவன் படியிலதான் ஏறுவான்" என்பார். வருடக்கணக்காக ஊரில் உள்ளவர்களை லிஃப்டுக்குள்ளிருந்து வெளியே இழுத்து இழுத்து, எந்தப் பேச்சையும் "ஒருவேளை" என்று ஆரம்பிக்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. ஒருவேளை தண்ணீர் நின்றுவிட்டால், ஒருவேளை கதவு திறக்காவிட்டால். கட்டடத்தில் அவருக்கு 'ஒருவேளை சார்' என்றே பெயர். நான் அக்கா வீட்டோடு வந்து தங்கிய முதல் வாரமே என் கையில் ஒரு விசிலைக் கொடுத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். நான் என்ன பந்தாட்ட நடுவரா என்று கேட்டேன். அத்தான் சிரிக்கவில்லை.

நான் தையல் வேலை செய்கிறவள் என்பதால் பை தைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய திரைச்சீலையில் ஆளுக்கொன்றாக நான்கு பைகள் தைத்தேன். சமையலறைப் பின்கதவுக்குப் பக்கத்தில் நான்கு ஆணிகளில் அவை தொங்கின. ஒவ்வொன்றிலும் டார்ச், துண்டு, மாற்றுத்துணி, பிஸ்கட். வீட்டுக் காகிதங்கள் மட்டும் அத்தானின் பையில். என் பையிலிருக்கும் பிஸ்கட்டை நான்தான் தின்று தீர்க்கிறேன் என்று தெரிந்ததும், எனக்குப் பிடிக்காத உப்பு பிஸ்கட்டாக மாற்றி வைத்தார். நான் அதையும் தின்னப் பழகிக்கொண்டேன்.

இத்தனை கூத்தும் யாருக்காக என்பது எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு மூச்சிரைப்பு. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமான புதிதில் அவள் அப்படித் தவித்த ஒரு நாள், வீட்டில் மருந்து தீர்ந்துபோயிருந்ததாம். கடைக்கு ஓடிவிட்டுத் திரும்புவதற்குள் அத்தானுக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கிறது. அந்தப் பயம்தான் அவரை இன்றுவரை ஆட்டிவைக்கிறது. அக்காவின் பையில் மட்டும் மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பி ஒன்று எப்போதும் இருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஒத்திகை. பின்பக்கத்து இரும்புப் படி வழியாக எல்லோரும் தெருவுக்கு இறங்க வேண்டும். அக்காவின் மகள் கைபேசியில் நேரம் பார்ப்பாள். அக்கா மட்டும் வாசல்வரை வந்துவிட்டு, அடுப்பை அணைத்தேனா, குழாயை மூடினேனா என்று உள்ளே போய்விடுவாள். அத்தான் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் அவளுடைய அந்தச் சந்தேக வியாதியையே அவளுக்கு வேலையாகக் கொடுத்துவிட்டார். காஸை மூடிவிட்டுக் கடைசியாக இறங்குவது அவள் பொறுப்பு. கூடவே பின்கதவில் சிவப்பு மையால் எழுதி ஒட்டினார்: 'இறங்கியவர் யாரும் திரும்பி ஏறக் கூடாது.'

அக்கா அதைப் படித்துவிட்டு, "இது எனக்குன்னே எழுதினதா?" என்றாள்.

"பொதுவா எழுதினது."

"இந்த வீட்ல பொதுன்னா நான்தானே" என்றாள் அக்கா.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நகல் எடுப்பதற்காக வீட்டுப் பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்தார் அத்தான். எடுத்ததைத் திரும்ப வைக்காமல் முன்னறை பீரோவின் மேல் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலையிலிருந்து அக்கா மூன்று தடவை சொல்லிவிட்டாள், "அந்தப் பத்திரத்தை எடுத்துப் பையில வைங்க" என்று. மூன்று தடவையும், "வைக்கிறேன், வைக்கிறேன்" என்றார். ஊருக்கே ஒருவேளை சொல்கிற மனிதருக்கு அன்றைக்குச் சோம்பல்.

பதினோரு மணி இருக்கும். கீழே மாடிப்படிக்கடியில் இருந்த மின்மீட்டர் பெட்டி தீப்பிடித்துக்கொண்டது. முன்கதவின் இடுக்கு வழியாகக் கரும்புகை உள்ளே வந்தது. ஒத்திகையில் செய்ததுபோலவே செய்தோம். இரும்புப் படி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தபடி அத்தான் முதலில் இறங்கினார். பின்னால் அக்காவின் மகள், அடுத்து நான். அக்கா காஸை மூடிவிட்டுப் பின்வாசலில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். கீழே திருப்பத்திலிருந்து அத்தான் கத்தினார்:

"பத்திரம், பத்திரம்!"

நாங்கள் தெருவுக்கு வந்ததும் அத்தான் தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. மேலே பார்த்தால் பின்வாசல் காலி.

என் காலடியில் பையைப் போட்டுவிட்டு ஓடினார். துண்டை எடுத்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை. சிவப்பு மையில் எழுதியதெல்லாம் காற்றோடு போயிற்று. கீழ்க்கடைக்காரர் மணலை வாரி வாரிக் கொட்டித் தீயை அடக்கிக்கொண்டிருந்தார். புகை மட்டும் அடங்கவில்லை. அக்காவின் மகள் என் கையைப் பிடித்தாள். எனக்கு எந்தக் கேலியும் வரவில்லை. அக்கா இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக இரண்டு பேரும் படியில் தெரிந்தார்கள். தன் சட்டையைக் கழற்றி அவள் முகத்தில் சுற்றியிருந்தார். தெருவோரம் உட்காரவைத்து, அவள் பையிலிருந்த மருந்தை வாயில் வைத்து அழுத்தினார். மூச்சு சீராகக் கால் மணி நேரம் ஆயிற்று. அப்போதுதான் அக்கா முந்தானைக்குள்ளிருந்து நீல உறையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. நீங்க கேட்ட பத்திரம்."

"நான் எங்கே கேட்டேன்?"

"பத்திரம், பத்திரம்னு அந்தக் கத்துக் கத்துனீங்களே."

அத்தான் உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பாத்து இறங்குன்னு சொன்னேன். உன்னைத்தான் சொன்னேன்" என்றார்.

"என்னைச் சொல்றதுன்னா என் பேரைச் சொல்லணும்" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "இருபத்தாறு வருஷமா இந்தா, ஏய், இங்க பாருதானே? நான் என்னன்னு எடுத்துக்கறது?"

அத்தான் உறையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் வெறும் பனியனோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஒத்திகைக்கு அத்தான் வழக்கம்போல் படித் திருப்பத்தில் போய் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் இறங்கிவிட்டோம். அக்கா காஸை மூடிவிட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். பழக்கம் விடுமா, தலை மறுபடி உள்பக்கம் திரும்பியது. அத்தான் தொண்டையைச் செருமினார். காது மடல் சிவக்க, அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதல் தடவை குரலே எழும்பவில்லை. இரண்டாம் தடவை மூன்று மாடிக்கும் கேட்டது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

அக்கா அப்படியே நின்றாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்க்காமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவரிடம் இறங்கி வந்தாள்.

"எத்தனை நிமிஷம்?" என்று அத்தான் கேட்டார்.

அக்காவின் மகள் நேரம் பார்க்கவே மறந்துபோயிருந்தாள்.