பேசிப் பேசி இறக்கிய பேட்டரி

என் சித்தப்பா ஒரு முறை வாக்கி டாக்கி பேட்டரிகளின் மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். அது போதாதென்று என்னையும் அந்த மூட்டையின் மேல் உட்காரச் சொன்னார். நான் அப்போது அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னால், அஞ்சாவதுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பெரியவர்கள் சொன்னால் காரணம் கேட்காமல் செய்கிற பிள்ளை என்று பெயர் வாங்க எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

நெம்மேலிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. இந்தக் கோடியில் எங்கள் வீடு, அந்தக் கோடியில் சித்தப்பா வீடு. கடற்கரையில் இருந்த ஒரு பெரிய ஓட்டலில் அவருக்கு வாட்ச்மேன் வேலை, அதுவும் ராத்திரி டூட்டி. கேட்டில் இருப்பவர்களும் பீச்சில் இருப்பவர்களும் பேசிக்கொள்ள ஓட்டலில் வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். சூப்பர்வைசர் கையில் இருந்ததைத் தவிர மற்ற பேட்டரிகள் எல்லாம் ஒரு சேரப் படுத்துவிட்டன. விடிய விடிய சார்ஜ் போட்டாலும் 'ஹலோ' சொல்வதற்குள் செத்துப்போகும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று சூப்பர்வைசர் சொன்னபோது, சித்தப்பா நடுவில் புகுந்து, பொங்கல் கூட்டத்துக்குள் நானே சரி பண்ணித் தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டார். சரி பண்ணினால் மெயின்டனன்ஸ் பிரிவில் பகல் வேலை, பர்மனென்ட். பண்ணாவிட்டால் பழைய கேட்டும் கொசுவும்தான்.

சித்தப்பாவுக்கு பேட்டரியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் டார்ச் லைட்டில் எந்தப் பக்கம் போடுவது என்பதுதான். அதனால் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் யோசனை கேட்டு வந்தார். "பேட்டரி சாவல அண்ணாத்த. பாதி எறங்குன உடனே ஏத்தி ஏத்தி, அந்தப் பாதியவே ஞாபகம் வச்சுகினு கீது. நல்லா லோடு குடுத்து முழுசா எறக்கு. அப்பால முழுசா ஏத்து. நாலஞ்சு தபா செஞ்சா பழசை மறந்துடும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் லோடு என்றால் லாரியில் வருவது. மணல் லோடு, செங்கல் லோடு. அதனால்தான் அரிசி மூட்டை, அதனால்தான் நான்.

மறுநாள் மூட்டையை எடுத்துப் பார்த்தால் பேட்டரிகள் அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் சப்பையாகியிருந்தது. சித்தப்பா மறுபடி பஸ் ஏறினார். மெக்கானிக் சிரித்து முடித்த பிறகு விளக்கியிருக்கிறார். லோடு என்றால் பாரம் இல்லை, வேலை. பேட்டரியை வேலை வாங்கு, தானே இறங்கும். பஸ்ஸில் வரும்போதே சித்தப்பா கணக்குப் போட்டுவிட்டார். வாக்கி டாக்கிக்கு என்ன வேலை? பேசுவது. அப்படியென்றால் பட்டனை அமுக்கிக்கொண்டு, பேட்டரி சாகிற வரைக்கும் பேச வேண்டும்.

அரைப் பரீட்சை லீவு. ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுச் சித்தப்பா பகலில் தூங்குவார். ஆகவே, ஓட்டலிலிருந்து அவர் கொண்டுவந்த செட்டில் ஆளுக்கொன்றோடு, பேசுகிற வேலை அவர் வீட்டில் சித்திக்கும் எங்கள் வீட்டில் எனக்கும் வந்து சேர்ந்தது. முதலில் ஜோராக இருந்தது. "நாஸ்தா ஆச்சா சித்தி, ஓவர்" என்றேன். "ஆச்சு நைனா, ஓவர்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் விஷயம் தீர்ந்துவிட்டது. வாய்ப்பாடு சொன்னேன், எனக்குத் தெரிந்தவரை. ஏழாம் வாய்ப்பாட்டில் அதுவும் தீர்ந்தது. செங்கல்பட்டு பஸ் நிற்கிற ஸ்டாப்பெல்லாம் சொன்னேன், நிற்காத ஸ்டாப்பும் சொன்னேன். வெளியே பசங்கள் கோலி ஆடுகிற சத்தம் கேட்டது. பேட்டரியோ சாகிற வழியாக இல்லை. எப்போதும் பொசுக்கென்று செத்துப்போகிற பேட்டரி, நான் சாகச் சொல்கிற நேரம் பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

அம்மாவும் சித்தியும் பேசிக்கொள்வதில்லை. என் காதுகுத்துக்கு அச்சரப்பாக்கத்திலிருந்து வாழைத்தாரோடு வந்த சித்தியின் அண்ணனை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பந்திக்குக் கறி தீர்ந்து, குழம்பு மட்டும்தான் போயிருக்கிறது. காது என்னுடையது, ஆனால் குத்து வாங்கியது அவர்கள். அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயில்கூட ஒருவர் குடம் நகர்ந்த பிறகுதான் இன்னொருவர் குடம் வரும்.

நான் பட்டனை அமுக்கி, "சித்தி, அம்மா உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்" என்றேன். அப்படியே அடுப்படிக்குப் போய், "சித்தி உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்" என்று செட்டை அம்மா கையில் திணித்தேன்.

"எங்கிட்டயா? இன்னா கேக்கணுமாம் அவளுக்கு?"

"கறி ஏன் தீர்ந்துச்சுன்னு."

அதற்கு மேல் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அம்மா பட்டனை அமுக்கினார். அந்தக் கோடியில் சித்தியும் அமுக்கியிருக்க வேண்டும். அந்தச் செட்டில் ஒரு விசேஷம் உண்டு. பட்டனை அமுக்கினால் பேசலாம், கேட்க முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடித்தால் யார் சொல்வதும் யாருக்கும் போய்ச் சேராது. எங்கள் குடும்பத்துக்கென்றே செய்தது போலிருந்தது. பந்தி, இலை, வாழைத்தார், கல்யாணத்துக்கு வைத்த சீர் என்று அம்மா மூச்சு விடாமல் இறக்கிக்கொண்டே போனார். செட்டு கையைச் சுட்டபோது முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

கடைசியில் 'பீப் பீப்' என்று சத்தம் வந்து சிவப்பு விளக்கு மின்னியது. அம்மா அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பேச்சு போகவில்லை. ஆனால் கேட்கிற அளவுக்குக் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. முதல் முறையாக சித்தியின் குரல் வந்தது. தான் பேசுவதை யாரும் கேட்கவில்லை என்கிற தைரியத்தில் வந்த குரல். சண்டை எப்போதோ முடிந்துபோயிருந்தது.

"...இந்தப் பகல் வேலையும் ஆவலன்னா அச்சரப்பாக்கத்துக்கே வந்துடு, வாழக்கா மண்டியப் பாத்துக்கன்னு எங்கண்ணன் கூப்டுகினே கீதுக்கா. இவரும் சரின்னுட்டாரு. எனக்குப் போவ இஷ்டமே இல்ல. அங்க போய் நான் யாரோட சண்ட போடுவேன்?"

அதோடு செட்டு முழுசாக நின்றுவிட்டது. அம்மா அதை என்னிடம் நீட்டினார்.

"டேய், இத மொதல்ல கொண்டுபோய் சார்ஜ்ல போடு."

மறுநாள் நான் பல் விளக்குவதற்கு முன்பே, "ஏத்தியாச்சா?" என்று கேட்டது அம்மாதான். அன்றைக்கு வாழைத்தாரில் ஆரம்பித்தது. அதற்கு அடுத்த நாள் மீன் விலைக்கு வந்தது. நடுநடுவே பட்டனை விட்டுவிட்டுக் கேட்கவும் பழகிக்கொண்டார்கள். ஒன்று இறங்க இறங்க இன்னொன்றை ஏற்றி, ஓட்டல் பேட்டரி அத்தனையும் இந்த இரண்டு வாயிலும் போய் வந்தது. பேசப் பேசப் பேட்டரியும் தேறிக்கொண்டே வந்தது. அரை மணியில் செத்தது ஒரு மத்தியானம் முழுக்கத் தாங்கியது. நான் கோலியில் பெரிய ஆளாகிவிட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் சித்தப்பா எல்லாவற்றையும் ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, என்னையும் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு ஓட்டலுக்குப் போனார். வழியில் இரண்டு தடவை நிறுத்தி, கூடையில் இருந்த பேட்டரிகளை எண்ணிப் பார்த்தார். அவ்வளவு பயம்.

சூப்பர்வைசர் கூடையை எட்டிப் பார்த்தார். இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி தொங்கியது. மொத்த ஓட்டலிலும் உயிரோடு இருந்த ஒரே பேட்டரி அதில்தான்.

"சார், டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க. நான் பீச்சாண்ட போய் நிக்கறேன்" என்றார் சித்தப்பா.

"டெஸ்டா? இன்னாத்துக்குயா?" சூப்பர்வைசர் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "மொத நாளு அரை மணில கட்டாச்சு. நேத்து மூணு மணிக்கு ஆரம்பிச்சது, வெளக்கு வைக்கிற வரைக்கும் கட்டாவல. நானு, சமையக்காரரு, தோட்டக்காரரு அல்லாரும் வேலைய வுட்டுட்டுக் கேட்டுகினு இருந்தோம்."

சித்தப்பாவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

"அது கெடக்கட்டும். அந்த வாழைத்தாரு கொண்டாந்த அண்ணன், இப்ப சமாதானமாயிட்டாரா?"

"ஆயிட்டாரு சார்."

"சந்தோஷம். ஒண்ணாந்தேதிலர்ந்து மெயின்டனன்ஸ்ல வந்து சேரு. அடுத்த தபா அந்தம்மாங்கள வேற சேனல்ல பேசச் சொல்லு. அவசரத்துக்கு ஒரு வார்த்தை பேச முடியல, பேஜாரா கீது."

சித்தப்பா மெயின்டனன்ஸில் சேர்ந்தார். அச்சரப்பாக்கம் போகவில்லை. சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு சங்கதி கண்டுபிடித்து வந்து என்னிடம் மட்டும் சொன்னார். பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன பல்பை மாட்டி வைத்துவிட்டால், ஒருத்தரும் வாயைத் திறக்க வேண்டாம், தானே இறங்கிவிடுமாம். செங்கல்பட்டு மெக்கானிக் சொன்ன லோடு அதுதானாம்.

ஆனாலும் மாதா மாதம் பேட்டரிகள் ஒயர் கூடையில் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருந்தன. மத்தியானமானால் அம்மா ஒரு செட்டோடு இந்தக் கோடியில் உட்காருவார், சித்தி அந்தக் கோடியில். எனக்குத் தாங்கவில்லை. பல்பு மாட்டினால் வேலை சுலபமாக முடியுமே என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"பல்பு ஃபியூஸ் ஆயிடுச்சுடா" என்றார்.

பாவம் என்று நினைத்து, எங்கள் வீட்டு டார்ச் லைட்டைக் கழற்றி அந்த பல்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். இதுவும் ஃபியூஸ் என்றார். மறுநாள் கடையில் புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதையும் பார்த்துவிட்டு அதே பதிலைச் சொன்னார். இவ்வளவு பெரிய ஓட்டலில், ஒரு நல்ல பல்புக்கும் கெட்ட பல்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைப் போய் மெயின்டனன்ஸில் வைத்திருக்கிறார்களே என்று நான் வெகு நாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.