தம்பி சொன்ன பயன்

உப்புவெளி ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு யோகா பழக்குகிற ஒருவர் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்து பேசினார். கையைக் காலை மடக்குவது மட்டும் யோகம் இல்லையாம். சமய நூல்களைத் தினமும் படிப்பதும் யோகமாம். படிக்கப் படிக்க மனம் அடங்குமாம், நூலுக்குள் நம்மையே காண்போமாம். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. பல வருடமாகக் கோயிலில் புராணம் படிக்கிறவன் நான். துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்துவது தொழில், ஐப்பசியில் புராணம் படிப்பது குடும்பப் பொறுப்பு. என் மனம் ஒருநாளும் அடங்கியதில்லை.

எங்கள் முறையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாட்டைத் துண்டு துண்டாக ராகத்தோடு படிப்பார். மற்றவர் அந்தத் துண்டுக்குப் பயன், அதாவது பொருள் சொல்வார். படிப்பவன் நான். பயன் சொல்பவன் என் தம்பி. நாங்கள் இருவரும் கதைப்பதில்லை.

காரணம் அப்பா. சண்டைக் காலத்தில் எங்கள் ஊரான சம்பூரைவிட்டு ஓடிவந்த நாளிலிருந்து அப்பா என்னோடு இருக்கிறார். பறிபோன காணி திரும்பக் கிடைத்ததும் தம்பி போய்க் காட்டை வெட்டி வீடு கட்டினான். அப்பாவை அங்கே விடச் சொல்லிக் கேட்டான். நான் மறுத்தேன். அப்பாவுக்கு இழுப்பு. மாரி மழைக் காலத்தில் மூச்சு முட்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம். சம்பூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி வர வேண்டும். இதில் என்ன பிழை?

தம்பிக்கு நான் அப்பாவைப் பூட்டி வைத்திருக்கிறவன். படிப்பு நாட்களில் மாமி வீட்டில் தங்குவான். என் வாசலை மிதிக்க மாட்டான். மண்டபத்தில் மட்டும் என் பக்கத்தில் இருப்பான்.

அந்த மாலை வந்தது அசுரத் தம்பி தன் அண்ணனுக்குப் புத்தி சொல்லும் இடம். சிறையில் அடைத்து வைத்திருக்கும் தேவர்களை விட்டுவிடு என்று தம்பி சொல்கிறான். நான் படித்தேன். என் தம்பி முதலில் நூலில் உள்ளதைத்தான் சொன்னான். பிறகு குரல் மாறியது.

"அண்ணா, நீ காவல் எண்டு சொல்லுறாய். உள்ளுக்கை இருக்கிறவைக்கு அது மறியல், சிறை. வயசான ஆக்களையும் அடைச்சு வைச்சிருக்கிறாய். கதவைத் திற, அவை தங்கடை ஊருக்குப் போகட்டும்."

தேவர்களுக்கு ஏது வயசு? எனக்குக் காது சுட்டது. முன்னால் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டினாள். "இண்டைக்குப் புராணம் பாலம் தாண்டிச் சம்பூருக்குப் போகுதடி." ஆட்கள் சிரித்தார்கள். அப்பா தூணடியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

பாட்டை எங்கே முறிப்பது என்பது படிப்பவன் கையில் உள்ளது. பொருள் முடியும் இடத்தில் முறித்தால் பயன் சொல்பவனுக்குச் சுகம். அடுத்த பாட்டை நான் பாதி அடியில், எழுவாயும் இல்லாமல் பயனிலையும் இல்லாமல் முறித்தேன். திணறட்டும் என்றுதான் செய்தேன்.

அவன் திணறவில்லை. "அண்ணை ஆரையும் முழுசாக் கதைக்க விடமாட்டார். இதின்ரை பயன் அதுதான்" என்றான்.

மண்டபம் அதிர்ந்தது. ஐயர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அடுத்தது அண்ணன் தம்பியைத் திட்டும் பாட்டுகள். கரடுமுரடான பாட்டுகள். ஒவ்வொரு வருடமும் நான் தடக்குகிற இடம். அன்று ஒரு சொல்லும் தடக்கவில்லை. கோழை, துரோகி என்று அண்ணன் ஏசுவதை ஏட்டைப் பார்க்காமலே, தம்பியின் முகத்தைப் பார்த்துப் படித்தேன். வாயில் வெல்லம்போல வந்தது. நூலுக்குள் நம்மைக் காண்பது இதுதான் என்றால், அதைக் கண்டு எனக்கு வந்தது ஆத்திரம்.

தம்பி பயன் சொல்லவில்லை. "இதுக்குப் பயன் தேவையில்லை. எல்லாருக்கும் விளங்கினது" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

அப்போது அப்பா கதிரையில் இருந்தபடி பேசினார். "டேய், ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. என்ரை கதையைச் சாமி கதைக்குள்ளை விட்டு ஏன் அடிபடுறியள்? ஒருத்தனாவது என்னைக் கேட்டனீங்களோ?"

"சம்பூரிலை போய்ச் சாகவேணும் எண்டு நான் கேக்கேல்லை. அங்கை விடிய எழும்பவேணும். அவ்வளவுதான். நாளைக்குப் போறன்."

"மாரி தொடங்கீட்டுது அப்பா" என்றேன், மைக்கிலேயே. "மூச்சு முட்டினா?"

"முட்டினா முட்டட்டும். உன்ரை வீட்டிலையும் முட்டுதுதானே."

அவர் சொன்னது சரி என்று இன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை தம்பி வான் கொண்டுவந்தான். வாசலுக்கு வெளியே நின்றான். நான்தான் அப்பாவின் கட்டிலைக் கழற்றி ஏற்றினேன். மருந்துப் பையை அவன் நெஞ்சில் அழுத்திக் கொடுத்தேன்.

"இழுப்பு வந்தா முதல் இதைக் குடு. அரை மணித்தியாலம் பார். நிக்காட்டி மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு. யோசிச்சுக்கொண்டு நிக்காதை."

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு? மாரியிலை அவரோடை ஒரு இராத்திரி முழிச்சிருந்தனியோ?"

அவன் பையை வானுக்குள் வைத்தான். அப்பா முன் சீற்றில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். "உங்கடை சண்டைக்குள்ளை வெயில் ஏறப் போகுது. வானை எடு."

பின்னேரம் போன் அடித்தது. தம்பி.

"மூச்சு முட்டுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. சாப்பிட்டிட்டுப் படுக்கிறார். நாளைக்குப் படிப்பு இருக்கு. ஆர் படிக்கிறது எண்டு கேக்கிறார்."

"நான்தான். வேறை ஆர்?"

"அப்ப நான் வாறன்."

"வா. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வராதை. திரும்பிப் போகேக்கை பனி படும்."

"அதை நீயோ நானோ சொல்ல ஏலாது. அவரைத்தான் கேக்கவேணும்."

போனை வெட்டினேன்.