இடது பின்கதவில் ஒரு டொக்கு

என்னிடம் இப்போது இருநூற்றுப் பதினொரு கார்கள் இருக்கின்றன. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற வார்ப்பு உலோக மாதிரிகள். ஒரு வண்டியின் பின்விளக்கை மட்டும் காட்டினால் போதும், அதன் பெயரையும் அது வந்த காலத்தையும் சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. பத்து வயதிலேயே கிடையாது.

அப்போது என்னிடம் ஒன்பது கார்கள்தான். எட்டு, அப்பாவின் முதலாளி கொடுத்தவை. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வைத்திருந்த அவர், கண்காட்சிக்காக வெளிநாடு போகும்போதெல்லாம் தம் பேரன்களுக்கு வாங்குகிற கார்களோடு, டிரைவர் மகளான எனக்கும் ஒன்று வாங்கிவருவார். ஒன்பதாவது, அப்பா பெங்களூரில் தேடிப்பிடித்து வாங்கிவந்த வெள்ளை அம்பாசிடர். அப்பா ஓட்டிக்கொண்டிருந்த முதலாளியின் காரும் அதேதான். என்னுடையது அதில் நாற்பத்துமூன்றில் ஒரு பங்கு அளவு.

நிஜ வண்டியும் மாதிரியும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும் என்பது என் சட்டம். "டேஷ்போர்டு சரியா இருக்கான்னு உள்ள ஒக்காந்து பாத்தாத்தான்பா தெரியும்" என்று அப்பாவை ஒரு வாரம் நச்சரித்தேன். முதலாளி ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக் கழுவ எடுத்துப்போன அப்பா எங்கள் தெருவுக்குள் திருப்பினார். முன்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஒரு சுற்றும் அழைத்துப்போனார். என்னை இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுக்கும்போது இடது பின்கதவு விளக்குக் கம்பத்தில் இடித்தது.

அப்பா கம்பத்தடியிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அம்மாவின் இஞ்ச் டேப்பை எடுத்துவந்து, கதவில் விழுந்த டொக்கின் அகலத்தை அளந்தேன். எட்டரை சென்டிமீட்டர். நாற்பத்துமூன்றால் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டர்.

அன்றே அப்பா வாணியம்பாடியில் ஒரு தோஸ்த்தின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய், டொக்கை எடுத்து, பெயிண்ட் அடித்து, முதலாளி வீட்டில் நிறுத்திவிட்டார். நான் என் காரோடு உட்கார்ந்தேன். வார்ப்பு உலோகம் தகரம்போல நசுங்காது. சுத்தியலால் அடித்தால் பெயிண்ட்தான் உதிரும். அதனால் உருண்டை அரத்தால் ராவி ராவி, சரியாக இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் போட்டேன். வாயைத் திறக்காதே என்று என்னிடம் சொல்ல வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நான் கார்களைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை என்ற தைரியம்தான்.

ரம்ஜான் அன்று முதலாளி வீட்டில் தொழிலாளர் குடும்பங்களுக்கெல்லாம் பிரியாணி. அப்பா அம்மாவோடு நானும் கார்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்த முதலாளி, அம்பாசிடரைத் திருப்பினார்.

"இன்னாம்மா இது, கதவுல பள்ளம்?"

"நம்ம வண்டில விழுந்த டொக்கு அங்கிள். கரெக்ட் அளவு."

"நம்ம வண்டில ஏது டொக்கு? நீ வேற எதையோ பாத்துட்டு வந்து சொல்றே."

எனக்குச் சுருக்கென்றது. நான் தப்பாகப் பார்ப்பதாவது! வாசலோரம் நின்ற அப்பா கண்ணைக் காட்டினார். தைரியமாகப் பேசு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். முதலாளியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அம்மா ஷூ கம்பெனியில் நிறவாரியாகத் தோல் பிரிக்கிறவர். ஒரு ஜோடியின் இரண்டு காலுக்கும் ஒரே நிறத் தோல் அமைய வேண்டும். டியூப்லைட்டை நம்பாமல், சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். அந்த வித்தை எனக்கும் தெரியும். நிழலில் நின்ற காரை வெயிலுக்கு எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டவரும் அப்பாதான்.

"நேரா பாக்காதீங்க அங்கிள், தலைய சாச்சுப் பாருங்க. இந்தக் கதவுல மட்டும் மஞ்சள் கொஞ்சம் ஜாஸ்தி."

வாழ்நாளெல்லாம் தோல் பார்த்த கண் அவருடையது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "ஷாபாஷ்!" என்று என் தலையில் கைவைத்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"எங்க இடிச்சே?"

"ஃபேக்டரி கேட்டுல, மொதலாளி."

திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவின் கை வந்து பொத்திவிட்டது.

"இடிக்கிறது சகஜம்யா. மறைச்சே பாரு, அதான் பேஜார்" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா கார் ஓட்டவில்லை. உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றிவரும் வேனுக்கு மாற்றிவிட்டார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்தவர் இரண்டு முறை குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்கோ மனசு ஆறவில்லை.

"ஏம்பா ஃபேக்டரி கேட்டுன்னு சொன்னே? நம்ம தெருக் கம்பத்துலதானே இடிச்சே? மறந்துட்டியா?"

அப்பா சோற்றைப் பிசைந்தார். "ஆமாம்மா, மறந்துட்டேன்" என்றார்.

எனக்குக் கவலையாகிவிட்டது. இந்த வயதிலேயே அப்பாவுக்கு இவ்வளவு மறதியா? பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து, வல்லாரைக் கீரை வாங்கிச் செய்து கொடுக்கும்படி அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அம்மா மறுநாளே செய்தார். அப்பா கடைசி வாய்வரை சாப்பிட்டு முடித்தாரா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.