வண்டிக்காரன் கொலை செய்யவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைப் புதுமண்டபத்தில் ஒரு புத்தகக் கடை. துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். கொலைகாரன் யார் என்று பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது.

“என்னண்ணே, பந்தியில உக்காந்ததும் பாயசத்தைக் குடிச்சுட்டு எந்திரிக்கிறீக?”

“இந்தப் பட்டணத்துக்காரர் வேண்டாம். திருச்சிக்காரர் எழுதினது இருக்கா?”

“அதை யாரு கேக்குறா? அவரு கதை மாட்டு வண்டி மாதிரில்ல போகும்.”

ஆசிரியர்களின் பெயர் அட்டையில் இருக்கும். எங்களுக்கு ஊர் போதும். பட்டணத்துக்காரர், திருச்சிக்காரர்.

பட்டணத்துக்காரர் பாகத்துக்கு மூன்று மாறுவேஷம் வைப்பார். ஒரு சுரங்கம், ஒரு மயக்க மருந்துக் கைக்குட்டை. கடைசி வரியில் யாரோ கதவைத் தட்டுவார்கள். யார்? அடுத்த மாதம் காசு கொடுத்தால் தெரியும். கெட்டிக்காரர்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திருச்சிக்காரர் கொலை நடந்த வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று எழுதுவார். நாம் கொட்டாவி விடுவோம். துப்பு அந்தக் குழம்பில்தான் இருக்கும். கண்ணெதிரே வைத்துவிட்டு ஏமாற்றுவார். என் ஓட்டு அவருக்கு.

ஆனால் பட்டணத்துக்காரரை நான் விட்டது அதற்காக இல்லை...

என் படிப்பு மூன்றாம் வகுப்பு. கீழக்குயில்குடியில் நிலம் காய்ந்த வருஷம் டவுனுக்கு வந்து, தெற்குவாசல் பக்கம் ஒரு பீடிப் பட்டறையில் உட்கார்ந்தேன். எட்டுப் பேர். எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் நாவல் வாசிப்பேன். மற்ற ஏழு பேரும் பீடி சுற்றுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பீடி என் முறத்தில் போட்டுவிடுவார்கள். வாசிக்கிறவனுக்கு அதுதான் கூலி.

ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடி வாசிக்க வேண்டும். எனக்கு முன்னால் வாசித்தவர் ஒரு நாள் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். அதோடு அவர் வாசிப்பு முடிந்தது.

நான் மெதுவாக வாசிக்கிறவன். பெரிய வார்த்தை வந்தால் நாக்கு நிற்கும். அதனால் அன்றைய பகுதியை முன்னாலேயே ஒரு தடவை படித்துக்கொண்டு போவேன்.

பட்டணத்துக்காரரின் நாவல் ஒன்று நாலு பாகமாக வந்தது. ஒரு ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார். ஜமீனில் கணக்குப் பார்க்க ஒரு காரியஸ்தன் இருந்தான். ஒரு குதிரை வண்டிக்காரனும் இருந்தான். நல்ல மாதிரி. என் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றும் சுலைமானுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. சுலைமானின் அத்தா ரயிலடியில் குதிரை பூட்டிய ஜட்கா ஓட்டுகிறவர்.

இரண்டாம் பாகத்தில் ஜமீன்தாரின் கழுத்தில் சாட்டை வார் கிடந்தது.

எதிரில் இருந்த காசிம் விடுவானா?

“மாப்ள, வீட்டுக்குப் போனதும் உங்க அத்தா சாட்டையில வாரு இருக்கான்னு பாத்துக்கடா.”

பட்டறையே சிரித்தது. மறுநாளும் சிரித்தது. இரண்டு மாசம் இதே பேச்சு. ஒரு நாள் சுலைமான் முறத்தைக் கீழே வைத்தான்.

“வண்டிக்காரன் செஞ்சிருந்தா நான் இந்தப் பட்டறையில உக்காரல. போதுமா?”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் சொன்னால் செய்கிறவன்.

நாலாம் பாகம் வந்தது. கடைசிப் பகுதியை வாசிக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் பிரித்துப் பார்த்தேன். கொன்றது வண்டிக்காரன்தான். அதோடு விட்டாரா? குதிரையோடு பழகுகிறவனுக்கு ஈரம் ஏது என்று ஒரு வரி வேறு.

மறுநாள் பட்டறைக்குப் போனால் வாசலில் ஜட்கா நிற்கிறது. சுலைமானின் அத்தா உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னைக்குத்தான் கடைசியாம்ல தம்பி? வண்டிக்காரன் நல்லவன், வண்டிக்காரன் நல்லவன்னு பய சோறு திங்க விடல. அதான் சவாரியை விட்டுட்டு வந்தேன்.”

புத்தகத்தைப் பிரித்தேன். வாசித்தேன். வண்டிக்காரன் என்று வந்த இடத்தில் எல்லாம் ஜமீன் காரியஸ்தன் என்று வாசித்தேன். பாதி தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு சாட்டை வந்தது.

“காரியஸ்தன் வண்டிக்காரனிடம் சாட்டையை இரவல் வாங்கினான்” என்று வாசித்தேன்.

“இரவலா?” என்றார் அத்தா. “வண்டிக்காரன், பொண்டாட்டி தோட்டைக் கேட்டாலும் கழட்டிக் குடுப்பான் தம்பி. சாட்டையைக் குடுக்க மாட்டான். கை மாறினா குதிரைக்குத் தெரிஞ்சுபோகும்.”

ஏழு பேர் கையும் நின்றுவிட்டது.

“அப்ப கதை இடிக்குதே” என்றான் காசிம்.

நான் தாளைப் பார்த்தபடி இருந்தேன். விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினேன்.

“இரவல் கேட்டான். வண்டிக்காரன் கொடுக்கவில்லை. குதிரைக்குப் புல் வாங்கப் போன நேரம் பார்த்துத் திருடிக்கொண்டான்.”

“ம். அது சரி. வாசிங்க” என்றார் அத்தா.

முடித்தேன். சுலைமான் காசிமைப் பார்த்தான். காசிம் தலையைக் குனிந்து இலையை வெட்டினான்.

அத்தாவை வழியனுப்பச் சந்துக்குப் போனேன். அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் புல்லு வாங்கப் போனது... புஸ்தகத்துல இருக்கா?”

நான் குதிரையைப் பார்த்தேன்.

“வண்டிக்காரன்தானே?”

“ஆமா மாமா.”

“எழுதினவரு வண்டியில ஏறியிருப்பாரு. வண்டிக்காரன்கிட்டப் பேசியிருக்க மாட்டாரு. கொல்லப் போறவன் சொந்தச் சாட்டையையா கழுத்துல போட்டுட்டு வருவான்? மறுநா சவாரிக்கு என்ன பண்ணுவான்?” ஏறி உட்கார்ந்தார். “நீங்க வாசிச்சதுதான் சரி. பயகிட்டச் சொல்லாதீக. அவன் வேலையில இருக்கட்டும்.”

நானும் சொல்லவில்லை. சுலைமான் இப்போது பினாங்கில் இருக்கிறான். அவன் அத்தா காலமாகிவிட்டார். அதனால் எழுதுகிறேன். காசைக் கொடுத்துக் கதை கேட்கிறவன் யார் என்று எழுதுகிறவர் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா? பாதிப் பேர் வண்டி ஓட்டுகிறவன், பீடி சுற்றுகிறவன், மில்லுக்குப் போகிறவன். அவன்தான் கழுத்தை நெரித்தவன் என்று அவனிடமே விற்றால் எப்படி?

கதை முடிந்த மறுநாள் வேலைக்கு உட்கார்ந்ததும் காசிம் முனகினான்.

“அந்தக் காரியஸ்தனா இருப்பான்னு நான் நினைக்கவே இல்ல மாப்ள.”

சுலைமான் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னான்.

“எங்க அத்தாவுக்கு அப்பவே தெரியுமாம்.”

தெற்குவாசலில் எல்லாருக்கும் தெரியும். எழுதியவருக்குத்தான் தெரியாது.