அட்டையில் அச்சடிக்காத வரிகள்

நீங்கள் வேதத்தின் அந்த அதிகாரத்தை ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை. எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை வேதபாடம் நடத்துகிற பிரதர், உங்களைத்தான் சொல்கிறேன். வேதப் புத்தகத்துக்கு ஜிப் வைத்த தோல் உறை, கோடு போட நாலு நிறத்தில் பேனா, எல்லாம் வைத்திருக்கிறீர்கள். கோடு போட்ட வசனத்துக்கு மேலே இருக்கிற வசனத்தை மட்டும் உங்கள் கண் பார்த்ததே கிடையாது.

போன வருஷம் புத்தாண்டு காலை ஆராதனையில், அந்த வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கத் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை என் மனைவிக்காக எடுத்தேன். அவள் பக்கவாதம் வந்து ஆறு மாதமாக மூலக்குளத்து வீட்டில் படுத்திருந்தாள். நல்ல முடிவைத் தேவன் உங்களுக்காக நினைத்து வைத்திருக்கிறார் என்கிற வசனம் வந்தது. பின்பக்கம் ரோஜாப்பூ படம். நீங்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அல்லேலூயா! சிஸ்டர் இந்த வருஷமே நடந்து வந்து சாட்சி சொல்லுவாங்க பாருங்க" என்றீர்கள். வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொன்னேன், அவள் நம்பினாள். நானும்தான்.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து வேதம் வாசித்தேன். நான் எட்டாவது வரை படித்தவன், தட்டாஞ்சாவடியில் வெல்டர். விரல் வைத்துத்தான் வாசிக்க வரும். அட்டை வசனம் இருக்கிற அதிகாரத்தைத் தேடி முதல் வரியிலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். சொந்த ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட கைதிகளுக்கு எழுதியது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்குப் பிறகுதான் உங்கள் அட்டை வரி வருகிறது.

அவள், "சீக்கிரம் ஆவாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு. அப்ப இங்கியே பொழைக்கிற வழியப் பாருங்க" என்று சிரித்தாள். பக்கவாதம் வந்த பிறகு அன்றுதான் சிரித்தாள். கடவுள் எங்களோடு பேசினார் என்று பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பொய் சொல்லாத ஒருவர் எங்கள் அறையில் இருக்கிறார் என்று தோன்றியது. அந்த வாரமே பட்டறையில் மிச்சமான இரும்புக் குழாயை வளைத்து, கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை சுவரோரம் கைப்பிடி அடித்தேன். சில மாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டு அவளே போய்வந்தாள்.

இதை வேதபாடத்தில் சந்தோஷமாகத்தான் சொன்னேன். நீங்கள், "பிரதர், வைத்திக்குப்பத்துல மீன் வாங்குறீங்க. சதையத் தின்னுட்டு முள்ளத் தூக்கிப் போடுறீங்கல்ல? வசனமும் அப்படித்தான்" என்றீர்கள்.

"முள்ளு இல்லாம அந்த மீன் எப்படி பிரதர் நீந்துச்சு?" என்றேன்.

பெண்கள் பக்கம் சிரித்துவிட்டார்கள். உங்கள் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்புக்குத்தான் பழிவாங்கினீர்கள்.

வருஷக் கடைசி ஸ்தோத்திர ஆராதனைக்கு அவளை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தேன். நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "ஒரு வீட்ல சுகம் குடுக்க ஆண்டவர் ரெடியா இருந்தாரு. அவங்க சுவத்துல கம்பி அடிச்சு வச்சிட்டாங்க. கம்பியப் பிடிச்ச கை ஆண்டவரப் பிடிக்குமா?" என்றீர்கள். யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, என் விசுவாசந்தான் கொறச்சலா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். மறுநாளிலிருந்து கைப்பிடியைத் தொடவில்லை. நாலாவது நாள் கக்கூஸ் வாசலில் விழுந்தாள். நெற்றியில் ஐந்து தையல். கைப்பிடி ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. இப்போது நான் வேதத்தைத் திறந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

உங்கள் மன்னிப்பு எனக்கு எதற்கு? அதை வைத்து ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை முன்வரிசையில் உட்கார வைப்பேன். அதே மைக்கில் அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசியுங்கள். பிறகு சபை முழுக்கக் கேட்க, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அவள் அந்தக் கைப்பிடியைப் பிடிக்கலாமா, கூடாதா?