பெர்மிட்டில் குங்குமம்

துப்பாக்கி பெர்மிட் வாங்கப் போன அன்று எனக்கு இருந்த ஒரே ஆசை, அது கிடைக்கக் கூடாது என்பதுதான்.

அவசரகாலம் தொடங்கியிருந்த நேரம். சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. விடிகாலைப் பெரட்டில் வேலையாட்களின் பெயர் கூப்பிடுவது, பால் எடை எழுதுவது, வாரம் ஒரு தடவை லோரியில் போய் அளந்து கொடுக்கும் அரிசியை எடுத்து வருவது, இவைதான் என் வேலை. கடைசி வேலைதான் வினை. அந்த அரிசி, வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளுக்கும் தேவை. ஒருநாள் வழியில் மரத்தைப் போட்டு லோரியை மறித்து மூட்டைகளை இறக்கிக்கொண்டு போனார்கள். எங்கள்மேல் கை வைக்கவில்லை. ஆனால் துரை மறுநாளே என்னைக் கூப்பிட்டு, "கிராணி, இனிமே நீ ஷாட்கன் எடுத்துக்கிட்டுதான் லோரில ஏறணும்" என்று சொல்லிவிட்டார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கல்யாணமாகி ஆறு மாதம்.

துரையின் கடிதம், இரண்டு படம், பெரிய கிராணியின் ஜாமீன் கையெழுத்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மலாக்காவுக்குப் பஸ் ஏறினேன். உம்பாய் தாண்டுவதற்குள் பையைத் திறந்து கடிதம் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒருவேளை தொலைந்திருக்காதா என்றுதான்.

போலீஸ் ஆபீசில் துப்பாக்கி பெர்மிட் மேசையில் இருந்தவர் ஒரு பஞ்சாபி சார்ஜன். தாடியை வலைபோட்டுக் கட்டியிருந்தார். தோட்டங்களில் சுற்றிச் சுற்றித் தமிழ் பேசக் கற்றிருந்தார். பத்து விரலுக்கும் மை தடவி ரேகை எடுத்தார்.

"முந்தி சுட்டிருக்கியா?"

"இல்ல சார். சின்ன வயசுல கவண்ல மாங்கா அடிச்சிருக்கேன்."

"விழுந்துச்சா?"

"இல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. "யாரோடயாச்சும் பகை இருக்கா? குடிப்பியா?" என்று கேட்டு எழுதிக்கொண்டே போனார். இத்தனை உண்மையைச் சொல்லியும் என்னைத் தள்ளிவிட மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. பத்து நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். முத்திரை குத்திய பெர்மிட்டை மேசையில் வைத்துவிட்டு, அதைத் தன் கையால் அமுக்கிக்கொண்டே பேசினார்.

"கேட்டுக்கோ கிராணி. ஆளு, துப்பாக்கி, இந்த சூராட். மூணும் எப்பவும் ஒரே எடத்துல இருக்கணும். துப்பாக்கி வேற ஆளு கைக்குப் போச்சுன்னா, உனக்கு ஜெயில். அந்த ஆளுக்கு..." தன் கழுத்தில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார்.

மலாய்க்காரர்கள் கடிதத்தை சூராட் என்பார்கள். அந்த சூராட்டை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. துப்பாக்கி இருக்கிற வீடு என்று தெரிந்தால் அதைப் பிடுங்குவதற்காகவே வருவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கக்கூசுக்குப் போனாலும் தோளில் அது தொங்கும். தொழிலாளர் லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், என்னைவிட அது அரை முழம்தான் குட்டை.

ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அன்று சாயங்காலம் எல்லாருடைய தொழில் சாமானும் மாரியம்மன் கோயிலுக்குப் போகும். பால் வெட்டும் கத்தி, தராசு, தையல் மிஷின், லோரியின் ஸ்டார்ட்டிங் கம்பி. சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டால் மறுநாள் காலைப் பூசை முடியும்வரை அவற்றைத் தொடக் கூடாது. நான் பேனாவையும் பெரட்டுப் புத்தகத்தையும் எடுத்து வைத்தேன். என் மனைவி செல்லம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஊருக்கெல்லாம் ஆயுத பூசை. நெஜமான ஆயுதம் வெச்சிருக்கிற ஒரே மனுசன் பேனாவத் தூக்கிட்டுப் போறாரு!"

"அது சர்க்கார் விசயம், செல்லம்."

"சர்க்காருக்கு மேல ஆத்தா இல்லியா? வெச்சுட்டு வாங்க. அதோட கடுதாசியையும் வைங்க. ஒரு ராத்திரியாவது நிம்மதியாத் தூங்குங்க."

கடைசியாகச் சொன்னாளே, அதில்தான் விழுந்தேன். துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்து, குழல் காலி என்று உறுதி செய்துகொண்டு கொண்டுபோனேன். தோட்டாக்களை மட்டும் கொடுக்கவில்லை, வீட்டு டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டேன். பூசாரி மருதமுத்து அண்ணன் பகலில் பால் வெட்டுபவர், எனக்குப் பத்து வயது மூத்தவர். துப்பாக்கிக்குச் சாமந்தி மாலை போட்டு, பெர்மிட்டில் முத்திரைக்குப் பக்கத்திலேயே ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து படுத்தவன், விடிந்தது தெரியாமல் தூங்கினேன். அப்பாடா, என்ன தூக்கம்!

காலையில் கைலியோடு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பெரிய கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், துப்பாக்கியைத் துவக்கு என்றும் சாவியைத் திறப்பு என்றும் சொல்பவர், வெள்ளைக் கால்சட்டை கசங்காத மனிதர். அன்று வியர்த்துக் கொட்டியது.

"பங்களாவில ஜீப் நிக்குது. பெர்மிட் துவக்கெல்லாம் பாக்கினமாம். துரையின்ட துவக்கைப் பாத்து முடிச்சிட்டு உம்மட்டத்தான் வருவினம். எங்க காணும் உம்மட துவக்கு?"

"கோயில்ல இருக்குங்க ஐயா."

"கோயில்லயோ! உமக்கென்ன விசரே? திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"பூசாரிகிட்ட."

அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "உம்மட வேலை போனாப் போகட்டும். பெர்மிட் இல்லாதவன் துவக்கைப் பூட்டி வச்சிருந்தா என்ன சட்டம் எண்டு உமக்குத் தெரியாதோ? அந்த மனுசனைத் தூக்கில போடுவாங்கள் ஐசே!"

சார்ஜன் கழுத்தில் இழுத்த கோடு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அடப்பாவி, எனக்கு ஒரு ராத்திரித் தூக்கம் வேண்டும் என்று மூன்று பிள்ளை பெற்ற ஒருவனின் கழுத்தையா அடமானம் வைத்தேன்? சட்டையை மாட்டினேன், தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டேன், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

மருதமுத்து அண்ணன் கோயில் படியில் உட்கார்ந்து விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, துப்பாக்கியக் கொடுங்க! மாத்தா வர்றான், போலீசு!"

"பூசைக்கு இன்னும் நேரம் இருக்கே கிராணி. அதுக்கு முன்னால ஒரு கத்திகூட வெளிய வரக்கூடாது. தோட்டமே கத்தி வெச்சிருக்கு. நாளைக்கு எவனாவது மரத்துல கைய வெட்டிக்கிட்டா என்னையத்தான கேப்பாங்க?"

"ஐயோ, பெர்மிட் இல்லாம நீங்க அதப் பூட்டி வெச்சிருக்கீங்க. பாத்தாங்கன்னா உங்களுக்குத் தூக்குண்ணே!"

அவர் கையிலிருந்த விளக்கு படியில் உருண்டது. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மனிதர் அசையவில்லை. கோயிலைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பங்களா ரோட்டில் ஜீப் கியர் மாறும் சத்தம் கேட்டது.

"துப்பாக்கி வெளிய வரக்கூடாது," என்றார் மறுபடியும். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என் கையில் திணித்தார். "ஆனா நீங்க உள்ள போகக் கூடாதுன்னு ஆத்தா சொல்லலியே. போங்க, போய் அதுகிட்ட ஒக்காருங்க."

இந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை? பூட்டைத் திறந்து உள்ளே போய், கத்திகளுக்கும் தராசுக்கும் நடுவில், துப்பாக்கியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெர்மிட் முன்னால் இருந்தது. சாவி என் மடியில் இருந்தது.

ஜீப் நின்றது. வந்தவர் அதே தாடிக்கார சார்ஜன்தான். வாசலில் பூட்சைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாலை போட்ட துப்பாக்கியைப் பார்த்தார். அதைத் தொடாமல் குனிந்து நம்பரைப் படித்தார், பெர்மிட்டோடு ஒத்துப் பார்த்தார். கையை நீட்டினார். தோட்டாக்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

"ராத்திரி எங்க இருந்துச்சு?"

"கோயில்ல, சார்."

"நீ?"

மாரியம்மனுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் வெளியே நிற்கிற அண்ணன் தூக்குக்குப் போய்விடுவார். வாசலிலிருந்து மருதமுத்து அண்ணன், "கிராணி ராத்திரி பூரா இங்கதான் சார்..." என்று ஆரம்பித்தார்.

"உன்னைய நான் கேக்கல," என்றார் சார்ஜன், திரும்பிப் பார்க்காமலே. நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "நான் வந்தப்ப ஆளு, துப்பாக்கி, சூராட், மூணும் ஒரே எடத்துல இருக்கு. நான் கண்ணால பாத்தத மட்டும்தான் எழுதுவேன்."

எழுதினார். போகும்போது வாசலில் நின்று பூட்சை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கிராணி, பஞ்சாபிங்க நாங்களும் ஆயுதத்தக் கும்பிடுறோம். ஆனா கும்பிட்டுட்டு இடுப்புல கட்டிக்குவோம். வெச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க மாட்டோம்."

ஜீப் சத்தம் மறைந்ததும் நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மருதமுத்து அண்ணன் தன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார். பூசை முடிந்ததும் முதல் கைப் பொரிகடலையை எனக்குத்தான் கொடுத்தார். செல்லம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே துப்பாக்கியின் தோள்வாருக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் துப்பாக்கி கோயிலுக்குப் போனது. கூடவே பாயைச் சுருட்டிக்கொண்டு நானும் போனேன். பெர்மிட் புதுப்பிக்கப் போனபோது, "இது என்ன, ரத்தமா?" என்று மேசையில் இருந்த புது ஆள் கேட்டான். குங்குமம் என்று சொல்லி விளக்க அரை மணி நேரம் ஆனது.

இளையவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். சர்க்கார் உங்கள் பெயரை எழுதி ஒரு காகிதம் கொடுத்தால், அது துப்பாக்கியோ, லோரியோ, ஆபீஸ் சாவியோ, அந்தப் பொறுப்பை ஒரு ராத்திரிக்குக்கூட இன்னொருவர் தலையில் இறக்கி வைக்காதீர்கள். அவர் உங்களை நம்பி வாங்கி வைத்துக்கொள்வார். கேள்வி வரும்போது அவர் கழுத்துத்தான் முதலில் நீளும்.

அவசரகாலம் ஓய்ந்தபின் துப்பாக்கியை மலாக்காவில் ஒப்படைத்தேன். பெர்மிட்டில் என் பெயருக்குக் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டார்கள். பஸ்ஸுக்கு நடக்கும்போது வலது தோள் பாரமில்லாமல் தானாக மேலே தூக்கிக்கொண்டது. அந்த வருஷம் ஆயுத பூசைக்குப் பேனாவை மட்டும் கொண்டுபோனேன். மருதமுத்து அண்ணன் அதற்குப் பொட்டு வைத்துவிட்டு, "பாய் எங்க கிராணி?" என்று கேட்டார்.

"வீட்டுல விரிச்சாச்சுண்ணே," என்றேன்.