வழிக்காவல் இல்லை, வாய்தா

ஸ்டாம்ப் பேடில் ஊதா மை ஊற்றினால் ஒரு வாசம் வரும்... மண்ணெண்ணெயும் மருந்தும் கலந்த மாதிரி. கையில் ஒட்டினால் சாயங்காலம் வரை போகாது. என் முதல் வேலையின் வாசம் அதுதான்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். வாடகைக் கட்டடத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட். நான் அங்கே பெஞ்ச் கிளார்க். கேஸ் கட்டு எடுத்து வைப்பது, கேஸ் கூப்பிடச் சொல்வது, வாய்தா தேதி குறிப்பது என் வேலை. ஐந்து பேர் பார்க்க வேண்டிய வேலைக்கு நானும் ஒரு டைப்பிஸ்ட் அக்காவும்தான்.

கைதிகள் எல்லாரும் கோயமுத்தூர் ஜெயிலில் இருந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எங்கள் கோர்ட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதற்கு ஆயுதப்படை போலீஸ் துணைக்கு வர வேண்டும்; வழிக்காவல் என்று அதற்குப் பெயர். தேர் என்றாலும் மந்திரி வருகிறார் என்றாலும் அதே போலீஸ்தான். அதனால் பாதி வாய்தாவுக்குக் கைதி வரமாட்டார். வந்தாலும் வண்டி கிடையாது... விலங்கின் மேல் துண்டைப் போட்டு மூடி, கவர்மென்ட் பஸ்ஸில்தான் கூட்டி வருவார்கள்.

"வழிக்காவல் இல்லை. எதிரி ஆஜர் இல்லை. வாய்தா."

எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர். இதையே கட்டுக்குக் கட்டு எழுதிக் கை வலித்தது. ஒருநாள் என் சொந்தச் செலவில் அதையே ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துகொண்டு வந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரங்கசாமி என்று ஒருவர். கிணற்று மோட்டாரில் காப்பர் ஒயர் திருடியதாகக் கேஸ். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் ஜாமீன் நிற்கச் சொந்த வீடு உள்ள இரண்டு பேர் கிடைக்கவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. அவர் உள்ளேயே இருந்தார்.

அவர் மனைவி மல்லிகா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தார். புருஷன் ஜெயிலுக்குப் போன பிறகு பிறந்த பெண் குழந்தை. ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தால் நடுவில் கம்பி வலை, இரண்டு பக்கமும் கத்தல். குழந்தையை அவர் கையில் கொடுக்க முடியாது. கோர்ட் வராந்தாவில் என்றால், காவலுக்கு வரும் போலீஸ்காரர் ஐந்து நிமிஷம் கண்டுகொள்ளாமல் விடுவார். அந்த ஐந்து நிமிஷத்துக்காக மல்லிகா ஒவ்வொரு வாய்தாவுக்கும் மில்லுக்கு லீவு போட்டு வருவார்.

ஆனால் ரங்கசாமி கட்டில் ஒவ்வொரு தடவையும் என் ஸ்டாம்ப்தான் விழும்.

"ரங்கசாமி... ரங்கசாமி... ரங்கசாமி..." என்று மூன்று தரம் கூப்பிடுவார்கள். அவர் இல்லை என்று தெரிந்தும் மல்லிகா குழந்தையோடு எழுந்து நிற்பார்.

அன்றைக்குப் பக்கத்து ஊரில் தேர். போலீஸ் வரமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயம். ஜெயிலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்தான், ஆனால் எங்கள் ஆபீஸ் போனில் வெளியூருக்குப் பேச எஸ்.டி.டி. கிடையாது. காலையிலேயே எல்லாக் கட்டிலும் ஸ்டாம்ப் குத்தி, மாஜிஸ்திரேட் ஐயாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

வெளியே மல்லிகா நின்றிருந்தார்.

"ஏனுங்க சார், இன்னைக்காச்சும் வந்துருவாருங்களா?"

"இல்ல அம்மணி. எல்லாரும் தேருக்குப் போயிட்டாங்க. வெயில்ல எதுக்கு நிக்கறே? பஸ்ஸப் புடிச்சு ஊட்டுக்குப் போ."

"சரிங்க சார்."

உபகாரம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் படியேறி வந்தார்கள். நடுவில் ரங்கசாமி. வியர்த்திருந்தாலும் தலையைப் படிய வாரியிருந்தார்.

"வாய்தா போட்டாச்சுங்களா? அப்ப கெளம்பறமுங்க. அடுத்த பஸ்ஸ உட்டா ஜெயிலு கதவச் சாத்திப்போடுவாங்க" என்றார் ஒரு போலீஸ்காரர்.

ரங்கசாமி வராந்தாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"எங்கூட்ல வந்துச்சுங்களா சார்? பாப்பாவக் கூட்டிட்டு வாரேன்னு காயிதம் போட்டிருந்துச்சுங்க."

வந்தாங்க, நான்தான் திருப்பி அனுப்பிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இல்லப்பா. வரல."

அவர் தலையை ஆட்டினார். "மில்லுல லீவு குடுத்திருக்க மாட்டாங்க" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த வாய்தாவுக்கு ரங்கசாமி வரவில்லை, மல்லிகா மட்டும்தான் வந்தார். "ஏன் வரலைன்னு கேட்டு எழுதியிருந்தாருங்க சார். நீங்கதானுங்களே வரமாட்டாருன்னு சொன்னீங்க..." என்றார். கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பல மாதம் கழித்துக் கேஸ் விசாரணை நடந்தது. இன்னார்தான் திருடினார் என்று ஒரு சாட்சியும் சொல்லவில்லை. விடுதலை. வராந்தாவில் ரங்கசாமி இரண்டு கையையும் நீட்டினார். குழந்தைக்கு அதற்குள் ஓடத் தெரிந்திருந்தது... ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"புதுசுங்களே... பழகிக்குவாளுங்க" என்று மல்லிகா என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆள் இல்லை, வண்டி இல்லை, போன் இல்லை... எல்லாம் நிஜம்தான். ஆனால் 'வரல' என்று சொன்ன வாய் என்னுடையது.

இப்போது வேறு ஊர், வேறு கோர்ட், சொந்தக் கட்டடம். கைதி ஜெயிலில் இருந்தே டி.வி. திரையில் வந்து நிற்கிறார். போலீஸ் வேண்டாம், பஸ் வேண்டாம், ஒரு நிமிஷத்தில் வாய்தா முடிகிறது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் திரை ஐயாவைப் பார்த்துத்தான் இருக்கும். வராந்தாவில் நிற்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிஷமும் போயிற்று.

சில நாள் லைனைத் துண்டிக்கும் முன்னால் திரையில் இருப்பவர் கேட்பார். "சார்... எங்க ஊட்டுல யாராச்சும் வந்திருக்காங்களா?"

எத்தனை கட்டு குவிந்து கிடந்தாலும் சரி, நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.